ஒல்லி திருப்பி அனுப்பிய அறிக்கை

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், பிஸ்கட் கம்பெனியில் காகிதம் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற வேலை என்பேன். காகிதம் என்பது பேச்சுக்குத்தான், இப்போது எல்லாம் சிஸ்டத்தில் ஓடுகிறது. ஒருவர் எழுதுவார், ஒருவர் படித்துப் பார்ப்பார், கடைசியில் மேனேஜர் ஒப்புதல் கொடுப்பார். எழுதிக்கொண்டிருந்தால் சாம்பல் புள்ளி, பார்வைக்குப் போனால் மஞ்சள், திருப்பி அனுப்பினால் சிவப்பு, ஒப்புதல் ஆனால் பச்சை. புதிதாகச் சேருகிறவர்களை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். "மஞ்சள்னா யாரோ படிச்சிட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்காதீங்க, யாரோ தூங்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்" என்பேன். சிரிப்பார்கள். வருஷக்கணக்காக அதே இடத்தில் அதே சிரிப்பு.

அவர் போன பிறகு வேலைக்குத் திரும்பிய வாரமும் அதையே சொன்னேன். சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் தெரிந்தது, அவ்வளவுதான். சாவு வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததே நான்தான். பாவம், துக்கம் தாங்காமல் கல்லாகிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அவர், அதாவது என் வீட்டுக்காரர், அதே கம்பெனியில் ஃபிட்டர். மாவு பிசையும் மெஷினுக்குள் இறங்கிப் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தபோது மெஷின் ஓடிவிட்டது. இதற்கு மேல் யாரும் என்னிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் பூட்டு விஷயம் மட்டும் காதுக்கு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஃபிட்டருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு உண்டு, அவரவர் படம் ஒட்டியது. மெஷினுக்குள் இறங்குவதற்கு முன் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டை மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, தொங்காவிட்டால் ஓட்டலாம். மாவு மெஷின் இரண்டு, நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அவர் செத்தது ஒன்றாம் மெஷினுக்குள். அவர் படம் ஒட்டிய பூட்டு தொங்கியது இரண்டாம் மெஷினில்.

"மனுஷன் ஏதோ ஞாபகத்துல மாத்தி மாட்டிட்டாரு" என்று கேன்டீனில் பேச்சு. நான் தட்டோடு உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும், உப்பு எங்கே என்று தேடுவார்கள்.

மாற்றி மாட்டினாராம். வீட்டில் ஒரு பல்பு மாற்ற அந்த மனிதர் செய்யும் அலப்பறையை இவர்கள் பார்த்திருக்க வேண்டும். மெயினை அணைத்து, வீட்டையே இருட்டாக்கி, யாரும் கை வைக்காதபடி மகளை சுவிட்ச் பக்கத்தில் காவலுக்கு நிறுத்துவார். அடுப்பில் பாதி வெந்தது பாதியிலேயே கிடக்கும். "ஏன்ப்பா, நீ பல்பு மாத்தறியா, இல்ல ஆபரேஷன் பண்றியா?" என்று மகள் கத்துவாள். "கத்து, ஆனா அங்கேயே நில்லு" என்பார். அப்படிப்பட்டவர் பூட்டை எந்த மெஷினில் மாட்டுகிறோம் என்றுகூடத் தெரியாமல் மாட்டினார் என்றால் யார் நம்புவது? ஆனால் விபத்து அறிக்கையில் அப்படி எழுதி மேனேஜரும் ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அதுதான் அவர். அவரைப் பற்றிக் கம்பெனி எழுதப்போகிற கடைசி எழுத்து அதுதான். அந்த ஒரு வரி அப்படி வரக்கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மகளும் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் காதுபட யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கையை எழுதுகிறவர் பாதுகாப்பு அதிகாரி. அது என் பட்டியலில் சாம்பல் புள்ளியாக வந்த அன்று, என் பிரிவின் தலைவி என் மேசைக்கே வந்துவிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

"அக்கா, அந்த ஒண்ணு மட்டும் உங்ககிட்ட வராது. அதுல நீங்க பார்த்து அனுப்பற படியை நான் எடுத்துட்டேன். அதைப் போய் நீங்க எதுக்குத் திறந்து படிச்சுக்கிட்டு…"

"சரி மேடம்."

"தப்பா எடுத்துக்கலியே?"

"இல்ல மேடம்."

தப்பாக எடுத்துக்கொள்ளத்தான் எனக்கு அப்போது எதுவும் இல்லையே. என் பெயருக்கு நேராக 'விலக்கு' என்று இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இனி நான் திறந்து பார்க்க முடியாது. எங்கே நிற்கிறது, யாரிடம் நிற்கிறது, என்ன நிறத்தில் நிற்கிறது, இவை மட்டும் தெரியும். சமையலறைக்குள் போகாதே, வாசனையை மட்டும் பிடித்துக்கொள் என்கிற மாதிரி.

அறிக்கை மஞ்சளாகி முதலில் போனது ஒல்லியிடம்.

ஒல்லியும் ஃபிட்டர்தான், அவரோடு ஒன்றாக வேலை பார்த்தவன். சேர்ந்த புதிதில் குச்சி மாதிரி இருந்தானாம். இப்போது தொப்பை சட்டைப் பொத்தானை முட்டுகிறது, பெயர் மட்டும் ஒல்லியாகவே இருக்கிறது. விடுமுறை நாளானால் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். "அண்ணி, குழம்புல உப்பு போட்டீங்களா, இல்ல காட்டிட்டு எடுத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை தட்டை நீட்டுவான். சாவு அன்று வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வராமல் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. இந்த வருஷம் தொழிலாளர் பிரதிநிதி அவன்தான் என்பதால் விபத்து அறிக்கை எதுவானாலும் அவன் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் மேலே போகும்.

மறுநாள் புள்ளி சிவப்பாகியிருந்தது. திருப்பி அனுப்பியவர்: தொழிலாளர் பிரதிநிதி.

எதற்கு? என்னால் பார்க்க முடியாது. காரணம் எழுதுகிற கட்டம் உள்ளே இருக்கிறது. நான் வெளியே இருந்தேன். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. மேடம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும் தெரியவில்லை, அது ஆறியதும் தெரியவில்லை.

பாதுகாப்பு அதிகாரி திருத்தி எழுதி மறுபடி அனுப்பினார். மஞ்சள். மறுபடி ஒல்லி. மறுபடி சிவப்பு.

அன்றைக்குப் புதியவர்களுக்கு வகுப்பு இருந்தது. பேக்கிங் பிரிவில் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள், "சிவப்புன்னா என்னங்க அர்த்தம்?"

"யாரோ முட்டுக்கட்டை போடறாங்கன்னு அர்த்தம்" என்றேன்.

வழக்கமாக அடுத்த வரி ஒன்று சொல்வேன். சிவப்பைப் பார்த்து நீங்களாக எதையும் முடிவு பண்ணாதீர்கள், உள்ளே போய்க் காரணத்தைப் படியுங்கள் என்று. அன்று அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் கேட்டாள், "ஒல்லி சித்தப்பா ஏம்மா வர்றதே இல்ல?" நாள் கணக்காக வாய் திறக்காதவள் திறந்தது அதற்குத்தான்.

"அவன் எதுக்கு வரணும்? உங்கப்பா ரிப்போர்ட்டை முடக்கி வச்சிருக்கானே, அந்த வேலையே தலைக்கு மேல இருக்கும்."

"சித்தப்பாவா?"

"அவன்தான். தின்னுட்டுப் போற வரைக்கும்தான் அண்ணன் அண்ணி எல்லாம்."

சொன்னபோது எனக்குக் கோபம்கூட இல்லை. மளிகை விலை சொல்கிற மாதிரிச் சொன்னேன். மகள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

கம்பெனியில் ஒருமுறை படிக்கட்டில் எதிரே வந்தான். என்னைக் கண்டதும் ஏதோ மறந்துவிட்டவன் மாதிரி பையைத் தடவிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டான். சரிதான், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை அறிக்கை அவனிடம் போனது. இந்தத் தடவை சிவப்பு விழவில்லை. ஏற்றுக்கொண்டுவிட்டான். இரண்டு நாளில் மேனேஜரும் முடித்துவிட்டார். பச்சை.

ஒப்புதலான விபத்து அறிக்கையின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கேன்டீன் வாசல் பலகையில் ஒட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தண்ணீர் பிடிக்கிற இடம் அங்கேதான் இருக்கிறது. பலகை முன்னால் ஒல்லி நின்றுகொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் விலகிப் போய்விட்டான்.

எந்தத் தாளைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கீழ் மூலைக்குத்தான். அங்கேதான் எத்தனையாவது பதிப்பு என்று இருக்கும். பழகின கண், வீட்டில் கரண்ட் பில் வந்தால்கூடக் கீழேதான் பார்ப்பேன். அந்தத் தாளிலும் பார்த்தேன். 'பதிப்பு 1' என்று இருந்தது.

ஒன்று எப்படி? இரண்டு தடவை சிவப்பு விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேனே. இரண்டு தடவை திருத்தி எழுதினால் இது மூன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் மேலே இருந்ததைப் படித்தேன். 'ஃபிட்டர் தன் பூட்டைத் தவறுதலாக இரண்டாம் இயந்திரத்தில் மாட்டிவிட்டு ஒன்றாம் இயந்திரத்தினுள் இறங்கியுள்ளார். காரணம்: கவனக்குறைவு.'

தண்ணீர் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு நேராக மேடத்திடம் போனேன்.

"மேடம், பழசை ஒட்டி வச்சிருக்காங்க."

"என்னக்கா?"

"மேனேஜர் ஒப்புதல் குடுத்தது முதல் பதிப்புக்கு. மூணாவது ஒண்ணு உள்ள கிடக்கு. அதை யாருமே மேல அனுப்பல."

மேடத்தின் முகம் மாறிவிட்டது. விஷயம் இதுதான். எங்கள் ஆட்கள் ஒன்றைத் திருத்தி எழுதினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க மாட்டார்கள். இருக்கட்டுமே, பின்னால் உதவும் என்று பழையதுக்குக் கீழேயே புதியதை ஏற்றுவார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்கள். மேனேஜருக்குப் போவதோ ஒரே ஒரு கோப்பு. யாரும் தேர்ந்தெடுக்காவிட்டால் சிஸ்டம் மேலே இருப்பதை அனுப்பிவிடும். எது கடைசிப் பதிப்பு என்று பார்த்து டிக் போட்டு அனுப்புவது என் படி. அந்தப் படியைத்தான் என் மேல் இரக்கப்பட்டு எடுத்திருந்தார்கள்.

"ஐயோ அக்கா" என்றார் மேடம். "நான் உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…"

"தெரியும் மேடம். என் படியைத் திருப்பிப் போடுங்க."

"வேற யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்றேன். நீங்க படிக்க வேண்டாம்."

"போடுங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மேடம் மேனேஜரிடம் போனில் பேசினார், ஒப்புதலைத் திரும்பப் பெறச் சொன்னார். பச்சை போய் மஞ்சள் வந்தது. என் பெயருக்கு நேராக இருந்த 'விலக்கு' போய் 'உங்கள் பார்வைக்கு' என்று வந்தது.

திறந்தேன். மூன்று கோப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பக்கத்தில் திருப்பி அனுப்பிய காரணங்கள். எல்லாரும் அதில் 'திருத்தம் தேவை', 'தெளிவில்லை' என்று ஒப்புக்கு எழுதுவார்கள். ஒல்லி முதல் தடவை எழுதியிருந்தான்: 'அண்ணன் மாத்தி மாட்டலை. ரெண்டாவது மெஷின் உள்ளே நான் இருந்தேன்.'

இரண்டாவது பதிப்பில் பாதுகாப்பு அதிகாரி பூசி மெழுகியிருந்தார், பூட்டு இரண்டாம் இயந்திரத்தில் இருந்தது, காரணம் தெரியவில்லை என்று. அதற்கு ஒல்லி எழுதியிருந்தது: 'காரணம் தெரியும். நான் உள்ளே இருந்தேன்னு எழுதுங்க. என் பேரைப் போடுங்க.'

மூன்றாவதில் பெயர் இருந்தது. ஒல்லியின் பூட்டு அன்றைக்கு வேறு கட்டடத்தில், உதிரிபாகம் வராமல் நிறுத்திவைத்திருந்த ஒரு மெஷினில் மாட்டியிருந்தது. கையில் பூட்டு இல்லாமல் இரண்டாம் மெஷின் முன்னால் நின்றவனுக்கு இவர் தன் பூட்டை மாட்டிக் கொடுத்திருக்கிறார். பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், பூட்டு இல்லாமல் ஒன்றாம் மெஷினில் இறங்கியிருக்கிறார். டீ குடித்துவிட்டு வந்த ஆபரேட்டர் சுவிட்சைப் பார்த்தான், பூட்டு இல்லை, பொத்தானை அழுத்திவிட்டான்.

மேடம் என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். "அக்கா, இது மேல போச்சுன்னா ஒல்லி மேல நடவடிக்கை வரும். அடுத்தவர் பூட்டுல இறங்கினதுக்கே வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. முதல் பதிப்புன்னா அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"அது அவனுக்குத் தெரியாதா மேடம்?"

மூன்றாவதில் டிக் போட்டேன். 'முழுவதும் படித்துவிட்டீர்களா?' என்று கேட்டது. ஆம். அனுப்பு.

பட்டறையில் ஒல்லி ஒரு பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஓடுவதற்கு வேறு வாசல் இல்லை.

"படிச்சேன்" என்றேன். "மூணாவதை அனுப்பிட்டேன்."

"பலகையில பழசை ஒட்டினதும் மேல யாரோ மாத்திட்டாங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"யாரும் மாத்தல. என் மேல பாவப்பட்டதுல வந்த வினை. ஏன்டா, என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"என்னன்னு சொல்லுவேன்? உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, அண்ணன் பூட்டுலதான் அண்ணி நான் உயிரோட இருக்கேன்னு சொல்லவா?" துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். "வந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழும்பல."

"உன்னை எப்படியெல்லாம் பேசினேன் தெரியுமா? சிவப்பு சிவப்பா போட்டுத் தள்ளினியே, புள்ளைகிட்டகூட உன்னைப் பத்தி அசிங்கமா பேசிட்டேன்."

"பேசுங்க அண்ணி."

"வேலை போயிடும்டா."

"போகட்டும். அண்ணன் மாத்தி மாட்டிட்டாரு, மறதியில செத்தாருன்னு கேன்டீன்ல பேசறானுங்க. என்னால சோறு திங்க முடியல. அவரு சரியாத்தான் மாட்டினாரு. என் மேல மாட்டினாரு."

தரையில் ஒரு மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் என்னவோ சூடாக ஏறியது. இத்தனை நாளில் முதல் தடவையாக வந்தது கோபம். ஒல்லி மேல் இல்லை, அவர் மேல்.

"என்னடா சொன்னாரு அந்த மனுஷன்? பூட்டைக் குடுக்கும்போது?"

"நான் வேண்டாம்னேன் அண்ணி. என் பூட்டை எடுத்துட்டு வந்துடறேன்னேன். 'போயிட்டு வர்றதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும், இறங்குடா'ன்னாரு. அவரே பூட்டிட்டு சாவிய என் பையில போட்டாரு. 'என்னுது ஒரே ஒரு போல்ட்டு, நீ முடிக்கறதுக்குள்ள நான் முடிச்சிட்டு வந்து நிப்பேன்'னாரு."

"ஊருக்கெல்லாம் சட்டம் பேசிட்டு" என்றேன். "தனக்குன்னு வரும்போது ஒரு போல்ட்டாமே, ஒரு போல்ட்டு. லூசு மனுஷன். லூசு." இன்னும் என்னென்னவோ திட்டினேன். ஒல்லி தடுக்கவில்லை. எதிரே தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டான். நான் மூச்சு வாங்கி நிறுத்தின பிறகு, இன்னும் ஒன்று இருக்கிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"ரிப்போர்ட்ல நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு அண்ணி. அவங்களுக்கு அது வேண்டியதில்ல. உங்ககிட்ட சொல்லணும்."

"சொல்லு."

"நான் உள்ள இருக்கும்போது பக்கத்து மெஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு."

கையில் இருந்த துணியைச் சுருட்டினான்.

"மெஷின் ஓடுதுன்னா வேலை முடிஞ்சுபோச்சுன்னு தானே நினைப்போம்? அண்ணன் முடிச்சிட்டாருன்னு நினைச்சேன். சொன்னபடியே சீக்கிரம் முடிச்சிட்டாரே, இப்ப வந்து என்னைக் கிண்டல் பண்ணுவாரேன்னு அவசர அவசரமா என் போல்ட்டை முறுக்கினேன். சிரிச்சுக்கிட்டே முறுக்கினேன் அண்ணி."

அவன் கையில் இருந்த துணியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். எண்ணெய் நாற்றமடித்தது. ஒல்லி அசையாமல் எதிரேயே உட்கார்ந்திருந்தான்.